வெலிமடை ரோட்டில் ஒரு நல்ல இடம்

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான்தான். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்தேன்.

அறுபதுகளின் கடைசி. வெளிநாட்டு உருளைக்கிழங்கு வருவதை அரசாங்கம் நிறுத்திவிட்டதால் வெலிமடைப் பக்கம் கிழங்கு போடாத ஆள் இல்லை என்றாகியிருந்தது. நெல் அறுத்த வயலில் கிழங்கு, மாடு மேய்ந்த புல்மேட்டில் கிழங்கு. நாங்கள் அப்போது நமுனுகுலவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளின் ஒற்றை அறை ஒன்றில், இருந்தோம். நான் கொழுந்து பறித்தேன். என் கணவர் ஃபேக்டரியில் என்ஜின் பார்த்தார். ஃபேக்டரிக்குக் கரண்ட் வந்ததும் என்ஜினை நிறுத்திவிட்டு, அவரை மலையில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகச் சொன்னார்கள். எண்ணெய்க் கையோடு இருந்த மனுஷன் கத்தியோடு செடிக்குள் நின்றார்.

அந்தச் சமயத்தில் என் நாத்தனாருக்குப் பிள்ளை பிறந்திருந்தது. அவருடைய ஒரே தங்கச்சி. ஹாலிஎலயிலிருந்து வெலிமடைக்குப் போகிற ரோட்டோரத் தோட்டம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் எங்களைச் சுற்றி மருந்து வாடை. கிழங்குக்கு மருந்தடிக்கிற பித்தளை டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு நாலைந்து கிராமத்து ஆட்கள் நின்றார்கள். கண்டக்டர் அவர்களைத் திட்டிக்கொண்டே டிக்கட் கிழித்தான். ஒருவரிடம் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். பம்பு அடிக்கவில்லை, பதுளைக்குப் போய்த்தான் பழுது பார்க்க வேண்டும் என்றார். இன்றைக்குக் கொடுத்தால் மூன்று நாலு நாள் கழித்துத்தான் தருவார்களாம். அதற்குள் பனிமூட்டம் இறங்கினால் செடி முழுக்கக் கருகிப்போகும் என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் அந்த டாங்கியின் பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்குத் தோல் வாசர் தேஞ்சிருக்கு. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை" என்றார்.

"அப்ப ஏன் இவங்க இதைப் பதுளைக்குச் சொமந்துட்டுப் போறாங்க?"

"இங்க யாரு இருக்கா செய்றதுக்கு?"

"நீங்க இருந்தா?"

அவர் ஹாலிஎல வரும்வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நானும் பார்த்தேன். ஒரு வளைவில் மூன்று ரோட்டுகள் சேர்கிற சந்தி வந்தது. ஒரு தேத்தண்ணிக் கடையும் ஒரு அரச மரமும் தவிர அங்கே ஒன்றும் இல்லை. கீழே ஓடை, மேலே தோட்டம், சுற்றிலும் கிழங்கு. "இங்கதான்" என்று நான்தான் சொன்னேன்.

சந்தி நிலம் ஒரு சிங்களப் பெரியவருடையது. ரோட்டோரம் அவருக்கு ஒரு மண்சுவர் அறை இருந்தது. முன்பு மாடு கட்டியிருந்த இடம். நாங்கள் போய் நின்றபோது அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எங்களை ஏற இறங்கப் பார்த்தார். பாதி சிங்களம், பாதி தமிழில் பேசுவார்.

"தோட்டத்து ஆளா?"

"ஆமாங்க மாத்தயா. என்ஜின் வேலை தெரியும்" என்றார் என் கணவர். சிங்களத்தில் ஐயாவுக்கு மாத்தயா.

அவர் உள்ளே போய் ஓட்டை டாங்கி ஒன்றைக் கொண்டுவந்து திண்டில் வைத்தார். என் கணவர் அங்கேயே குந்தி உட்கார்ந்து, பழைய செருப்புத் தோலை வட்டமாக வெட்டி, எண்ணெயில் ஊற வைத்து, மாட்டிக் கொடுத்தார். பெரியவர் பம்பை அடித்தார். தண்ணீர் புகை மாதிரிச் சீறியது.

"சரி, பாஸ். அறையை எடுத்துக்கோ. என்னோட டாங்கிக்குக் காசு கேட்கக் கூடாது" என்றார்.

கைவேலைக்காரனை அந்தப் பக்கம் பாஸ் என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவர் பாஸ் ஆனார், நான் பாஸம்மா ஆனேன். தோட்டத்து வேலைப் பதிவில் பெயரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மாட்டுச் சாணத்தைச் சுரண்டி எடுக்கவே ஒரு வாரம் ஆயிற்று. மழை பெய்தால் சுவரில் அந்த வாடை கடைசிவரை வந்தது.

தொழில் பிடித்துக்கொண்டது. அதை நான் அடக்கமாகச் சொல்ல வேண்டியதில்லை. பனிமூட்டம் இரண்டு நாள் தொடர்ந்து நின்றால் போதும், விடிவதற்குள் வாசலில் டாங்கிகள் வரிசையாக நிற்கும். நானே வாசர் வெட்டப் பழகினேன். குழாய் மூக்கில் அடைப்பை ஊசியால் எடுப்பேன். மருந்து பட்டு என் விரல் நுனியெல்லாம் நீலம் பாரித்திருக்கும். சோறு பிசையும்போது கசக்கும். பதுளை பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒருவர் சாமான் கொடுத்தார். கிழங்குக்காரர்களே ஒவ்வொன்றாகக் கேட்டார்கள்: பாஸம்மா, மண்வெட்டிப் பிடி இருக்கா, சாக்குத் தைக்கிற ஊசி இருக்கா, கயிறு இருக்கா. இருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுநாள் கொண்டுவந்து வைத்தோம். எங்களைப் பார்த்து ஒரு தையல்காரர் வந்தார். ஒரு பேக்கரி வந்தது. கொழும்பு லொறிகள் நின்று சாக்கு ஏற்ற ஆரம்பித்ததும் சந்திக்கு ஒரு பெயரே வந்துவிட்டது. நாங்கள் போனபோது பஸ் நிற்காத இடம். சில வருஷத்தில் ஒவ்வொரு பஸ்ஸும் நின்றது.

ஆனால் கடைக்கு லைசன்ஸ் பெரியவர் பெயரில்தான். என் கணவர் பிறந்தது நமுனுகுலவில், நான் பிறந்தது பசறையில். அப்படியிருந்தும் இந்த நாட்டு ஆட்கள் என்று எங்களுக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். காத்திருக்கிறவனுக்கு நிலம் எழுத முடியாது, லைசன்ஸ் எடுக்க முடியாது. இதில் பெரியவர் எங்களை ஏமாற்றினார் என்று சொன்னால் பொய். அவர்தான் தன் பெயரில் எடுத்துத் தந்தார். "பெயர்ல என்ன இருக்கு பாஸ், நீதானே செய்றே" என்றார். என் கணவர் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். நான் அந்த லைசன்ஸைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எழுபதுகளின் நடுவில் பஞ்சம் வந்தது. மாவு இல்லை, அரிசி இல்லை, கூப்பனுக்குக் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள். கிராமத்தில் கொஞ்சம் மண் வைத்திருந்தவன் மரவள்ளியாவது நட்டான். லயத்தில் இருந்தவனுக்கு நட மண் இல்லை. தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட குழப்பத்தில் வேலையும் சரியாகக் கொடுக்கவில்லை. எங்கள் சந்தியில் மட்டும் அதே வருஷங்களில் புது ஓடு போட்ட வீடுகள் எழும்பின. வெளிச்சாமான் வராததால் கிழங்குக்கும் மிளகாய்க்கும் கேட்ட விலை. மேலே லயத்தில் கிழவர்கள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். கீழே ரோட்டில் கிழங்கு லொறி போயிற்று. இரண்டுக்கும் நடுவில் கால் மைல் தூரம்கூட இல்லை.

ஒருநாள் கிழங்குக்காரர் ஒருவர் கடையில் டாங்கிக்குக் காத்திருந்தபடி இன்னொருவரிடம் சொன்னார்: "இந்த இடத்துல அதுதான் வசதி. கிழங்கு கிண்ட ஆள் தேட வேண்டியதில்லை. தோட்டத்து ஆளுங்க வயித்துக்கு மட்டும் கொடுத்தாலே எறங்கி வந்துடுவாங்க." அவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தீபாவளிக்குக் கிழங்கு கொண்டுவந்து தருகிறவர்தான். நான் பக்கத்தில் நிற்கிறேன் என்பதே அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் வாசரை மாட்டிக் கொடுத்தேன்.

வயிற்றுக்கு மட்டும் இறங்கி வந்தவர்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. பெரியவருடைய நிலத்தில்தான் கிண்டினாள். சாயங்காலம் கூலிக்குப் பதில் மண்வெட்டி பட்டு வெட்டுப்பட்ட கிழங்காகக் கொடுப்பார்கள். லொறிக்கு ஏற்ற முடியாதது. அதை முந்தானையில் கட்டிக்கொண்டு கடைக்கு வந்து குந்துவாள். நான் சோறு போட்டால் பாதியைப் பிள்ளைக்கு என்று எடுத்துவைப்பாள். என் கணவர் அவள் வருகிற நேரம் பார்த்து டாங்கிக்குள் தலையை விட்டுக்கொள்வார். தங்கச்சி முகத்தைப் பார்க்க அவருக்கு முடியவில்லை.

"அண்ணனை மாத்தயாகிட்டச் சொல்லச் சொல்லுங்க அண்ணி. காசா குடுத்தா மாவாவது வாங்குவேன்" என்றாள் ஒருநாள்.

அவர் போய்ச் சொன்னார். பெரியவர் சிரித்தபடி, "எல்லாரும் குடுக்கிறதைத்தான் நானும் குடுக்கிறேன் பாஸ்" என்றார். அது உண்மைதான். எல்லாரும் அதைத்தான் கொடுத்தார்கள்.

அடுத்த வருஷம் அவளும் அவள் புருஷனும் இந்தியாவுக்கே போய்விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைமன்னார் போகிற ரயிலில் ஏற்றிவிட ஹாலிஎல ஸ்டேஷனுக்குப் போனோம். பிளாட்ஃபாரம் முழுக்க அழுகை. அவள் அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்: "உங்களுக்கென்ன அண்ணி. நல்ல எடமாப் பாத்து ஒக்காந்துட்டீங்க." அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை என்றுதான் என் கணவர் கடைசிவரை சாதித்தார். பிறகு அவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு செய்தியும் இல்லை.

அதன் பிறகு மருந்துக் கம்பெனி ஒன்றின் ஆள் ஜீப்பில் வந்தார். சந்தியின் மூன்று பக்கமும் நடந்து பார்த்துவிட்டு, இந்த வட்டாரத்தில் ஏஜென்சி கொடுக்க இதைவிட இடம் கிடையாது என்றார். என் கணவரிடம் அரை நாள் பேசினார். எந்த மருந்து எந்த மாதம் போகும், எவன் எவ்வளவு நிலம் வைத்திருக்கிறான் என்று இவர் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டினார். கடைசியில், லைசன்ஸ் யார் பெயரில் என்று கேட்டார். ஏஜென்சியும் பெரியவர் பெயருக்குப் போயிற்று. மண்சுவரை இடித்துவிட்டு, கல்லும் சீமெந்துமாகக் கடை எழும்பியது. வாசலில் பெரிய போர்டு. பெரியவருடைய பெயர் சிவப்பு எழுத்தில். இவர்தான் ஏணியில் ஏறி அதை ஆணி அடித்து மாட்டினார்.

பெரியவர் தளர்ந்துபோனார். பண்டாரவளையில் படித்த ஒருவர் அவருக்கு மருமகனாக வந்தார். நல்ல உடுப்பு, மெதுவான பேச்சு. வந்த இரண்டு மாதத்தில் ஒரு மத்தியானம் எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, தேத்தண்ணி கொடுத்தார். அதற்கு முன் அந்த வீட்டில் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

"பாஸ், இனிமே கடையை நானே பார்க்கப் போறேன்" என்று சிங்களத்தில் சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் எவ்வளவோ கஷ்டப்பட்டிருக்கீங்க. உங்களைப் போகச் சொல்ல மாட்டேன். பின்னால தகரக் கொட்டில் ஒண்ணு போட்டுத் தர்றேன். பழுது பார்க்கிற வேலையை நீங்களே செய்யுங்க. மாசச் சம்பளம்."

பெரியவர் உள் அறையில் படுத்திருந்தார். இருமல் கேட்டது. வெளியே வரவில்லை.

நான் வீட்டுக்கு வந்து சட்டியை உருட்டினேன். "நம்ம கடையில நாம கூலிக்கா?"

"நம்ம கடைன்னு யாரு சொன்னா?" என்றார் என் கணவர்.

"நாந்தான் சொல்றேன். அந்த மாட்டுச் சாணியை நாந்தானே அள்ளுனேன்."

"வேற எங்க போவோம்? நீயே சொல்லு. இதை விட்டுட்டு வேற சந்தியில போய் உக்காந்தா அங்கயும் நாலு வருஷத்துல ஒரு மருமகன் வருவான்."

அவர் கொட்டிலுக்குப் போனார். நான் போகவில்லை. பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சாக்குத் தைத்துக் கொடுத்தேன். கடைக்கு முன்னால் போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போவேன். கிழங்குக்காரர்கள் முன்வாசலில் மருந்து வாங்கிவிட்டு, பின்பக்கம் சுற்றிப் போய் இவரிடம் டாங்கி கொடுப்பார்கள். "பாஸ், கடை பெரிசாயிடுச்சே" என்பார்கள். இவர் ஆமாங்க என்பார்.

திறந்த பொருளாதாரம் என்று சொன்ன அந்த வருஷங்களில் பதுளையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். சுயதொழில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு. பெண்களும் வரலாம் என்றதால் நானும் போனேன். மருமகனும் வந்திருந்தார். என் கணவரைக் கூட்டி வந்திருந்தார், டாங்கி வேலை செய்வதைக் காட்ட. மேடையில் ஒரு அதிகாரி சிங்களத்தில் பேச, இன்னொருவர் தமிழில் சொன்னார். விவசாயம் வளர்கிற பிரதேசத்தில் தொழில் தொடங்கினால் என்னென்ன வசதி என்று விளக்கினார். வாங்குகிறவன் பக்கத்திலேயே இருக்கிறான். போட்டிக்கு ஆள் இல்லை. ரோட்டு இருக்கிறது. மலிவாகக் கூலியாள் கிடைக்கிறது. ஒவ்வொன்றையும் நான் உள்ளுக்குள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நான் பார்த்ததையெல்லாம் அவர் மேடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு, இதை முன்கூட்டியே கண்டுகொண்ட ஒருவர் நம்மோடு இருக்கிறார் என்று மருமகனை மேடைக்கு அழைத்தார்கள். மாலை போட்டார்கள். அவர் தன் மாமனார் ஒன்றுமில்லாத சந்தியில் துணிந்து கடை போட்ட கதையைச் சொன்னார். அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். போர்டில் அப்படித்தானே இருந்தது. முடித்துவிட்டு, "எங்க பாஸ் இப்ப மெஷினைக் காட்டுவார்" என்றார். என் கணவர் டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மேடையில் ஏறி, பம்பை அடித்தார். வெறும் தண்ணீர். முன்வரிசையில் தெறித்தது. எல்லாரும் சிரித்துக் கை தட்டினார்கள். அவரும் சிரித்தார்.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"என்னன்னு?"

"நாம போட்ட கடைன்னு."

"சொன்னா? லைசன்ஸைக் காட்டும்பாங்க." பஸ் ஹாலிஎல தாண்டியதும், "அந்த அதிகாரி சொன்னது எல்லாம் சரிதான். ஒண்ணும் தப்பில்ல" என்றார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஆடி மாதம். கொழும்பில் தமிழ் ஆட்களை அடிக்கிறார்கள் என்று ரேடியோ சொல்வதற்கு முன்பே லொறிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பதுளை பஜாரில் புகை என்று அடுத்து ஒரு செய்தி வந்தது. காலை பத்து மணி இருக்கும். பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு தானே நடந்து வந்தார். அவரை ரோட்டில் பார்த்தே வெகு காலம் ஆகியிருந்தது. எங்கள் இருவரையும் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போய், விதைக் கிழங்கு வைக்கிற இருட்டறையில் விட்டுக் கதவைச் சாத்தினார். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வெள்ளை முளை விட்ட கிழங்குக்கு நடுவில் நாங்கள் குந்தியிருந்தோம். வந்தவர்களிடம் அவர் கத்தியது கேட்டது. "இங்க யாரும் இல்ல. என் வீட்டுக்குள்ள வர்றதுன்னா என்னை அடிச்சுட்டு வா." அவர்கள் போய்விட்டார்கள்.

வந்தவர்களுக்கு எது எவருடையது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. கடையை அவர்கள் தொடவில்லை. போர்டில் இருந்த பெயர் அதைக் காப்பாற்றியது. பின்னால் இருந்த கொட்டிலையும் எங்கள் வாடகை அறையையும்தான் உடைத்துப் போட்டார்கள். என் கணவருடைய ஸ்பானர், உளி, தோல் வெட்டுகிற பலகை, நான் தைத்து அடுக்கியிருந்த சாக்கு, எங்கள் துணி எல்லாவற்றையும் ரோட்டில் குவித்து எரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் டாங்கி பழுது பார்க்கக் கொடுத்த ஒருவனும் இருந்தானாம். தன்னுடைய டாங்கியை மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு நெருப்பு வைத்தான் என்று பேக்கரிக்காரர் சொன்னார்.

மறுநாள் மருமகன் வந்தார். முகம் வாடியிருந்தது. உண்மையாகவே வருத்தப்பட்டார். "கொஞ்ச காலத்துக்கு நீங்க தோட்டத்துப் பக்கம் போய் இருக்கிறது நல்லது, பாஸ். நீங்க இங்க இருந்தா கடைக்கும் ஆபத்து" என்றார். பெரியவர் வாசலில் நின்று எங்களைப் பார்த்தார். என் கணவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அவரும் அழுதார், இவரும் அழுதார். நான் அழவில்லை. அவர் எங்கள் உயிரைக் காப்பாற்றினார். எங்கள் கடை அவர் பெயரில் இருந்தது. இந்த இரண்டையும் ஒரே மனுஷன்மேல் எப்படி வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

பசறைக்கு மேலே என் அண்ணன் இருந்த லயத்தில் ஒரு அறை கிடைத்தது. நான் மறுபடி கூடை தூக்கினேன். கை மறந்துவிட்டிருந்தது, கங்காணி எல்லார் முன்னாலும் கேலி பேசினான். நாலைந்து வருஷம் போன பிறகு பிரஜாவுரிமைப் பத்திரம் வந்தது. என் கணவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். பழைய பழக்கம் விடுமா? எனக்குள் மறுபடி ஒரு எண்ணம் ஓடிற்று. பசறைக்குக் கீழே கிராமத்தார் போஞ்சியும் தக்காளியும் போட ஆரம்பித்திருந்தார்கள். பாலத்தடியில் ஒரு காலி இடம் இருந்தது.

"இப்ப நம்ம பேர்லயே எடுக்கலாம். நல்ல இடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "நல்ல எடம்னா வேணாம். யாருக்கும் வேணாத எடம் இருந்தா சொல்லு."

அப்படி ஒரு இடத்தையும் நானே கண்டுபிடித்துக் கொடுத்தேன். தோட்டத்து ரோட்டில் பாறைக்கு அடியில், வெயில் படாத ஒரு மூலை. கீழே பள்ளம், மேலே பாறை. ஒன்றும் விளையாது, ஒரு பஸ்ஸும் நிற்காது. அங்கே தகரம் போட்டு, லயத்து ஆட்களின் குடையும் மண்ணெண்ணெய் அடுப்பும் பழுது பார்த்தார். மழைக்காலத்தில் நாளைக்கு ஒருவர் வருவார், வெயில் காலத்தில் அதுவும் இல்லை. சாகும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தை எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை.